அப்பாவின் ஜனதா வாட்ச்

போன வாரம் சிதம்பரம் மேலவீதிப் பக்கம் ஒரு வாட்ச் ரிப்பேர்க் கடைக்குப் போயிருந்தேன். கையில் அப்பாவோட எச்.எம்.டி. ஜனதா. கடைக்காரர் கண்ணில் லென்ஸை மாட்டிக்கிட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தார். "மிஷின் நல்லா இருக்குங்க. டயல்தான் பழுப்பேறிக் கெடக்கு. புதுசு போட்டுடலாமா?" என்றார். வேண்டாம், சுத்தம் பண்ணி எண்ணெய் மட்டும் விடுங்க என்று சொல்லிட்டேன். அதுக்கு ஒரு காரணம் இருக்கு.

எங்க தாத்தா காலத்தில் கடலூர், சிதம்பரம் பக்கத்துக் கிராமங்களில் பகலில் நிழலை அடிவைத்து அளப்பார்கள். ராத்திரியில் நட்சத்திரம் பார்ப்பார்கள். கணக்கெல்லாம் நாழிகைதான், அதாவது 24 நிமிடம். கைக்கடிகாரம் என்றால் வெஸ்ட் எண்ட், ஃபேவர் லூபா மாதிரி சுவிஸ் சரக்கு. அதெல்லாம் மிராசுதார், வக்கீல் கையில்தான் இருக்கும்.

1961-ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து, அரசு நிறுவனமான எச்.எம்.டி. பெங்களூரில் வாட்ச் தொழிற்சாலை தொடங்கியது. முதல் வாட்சுகளை வெளியிட்டவர் நேரு. அப்புறம் ஜனதா, பைலட், கோஹினூர் என்று ஊர் ஊராக வந்து சேர்ந்தன. ஜனதாவுக்கு பேட்டரி கிடையாது. தினமும் சாவி கொடுத்தால் உள்ளே சுருள்வில் இறுகும். அது அவிழும் விசையில் முள் ஓடும். அச்சு முனைகள் தேயாமல் இருக்க 17 கல் வைத்திருப்பார்கள்.

அப்பா சம்பா அறுத்து நெல்லுப் போட்ட காசில் வாங்கினார். அவருக்கு அது அலங்காரம் இல்லை. எங்க வயல் வீராணம் பாசனத்தில் கடைமடை. கோடையில் பக்கத்து வயல்காரரின் ஆயில் இன்ஜின் தண்ணீர்தான், மணிக்கு இவ்வளவு என்று காசு. அப்பா கையில் இருந்ததுதான் இரண்டு பேருக்கும் பொதுக் கணக்கு.

நான் ஆறாவது படிக்கும்போது ஒரு ராத்திரி பத்து மணிக்கு இன்ஜின் ஓட ஆரம்பித்தது. வயல் நிறைந்ததும் அப்பா வாட்சைப் பார்த்தார், ஒன்றரை. மூன்றரை மணி நேரத்துக்குக் காசு கொடுத்துட்டு வீட்டுக்கு வந்தால், விடியக்காலை முதல் பஸ் போகிற சத்தம்! வாட்ச் ஒன்றரையிலேயே நின்று போயிருந்தது. சாவி கொடுக்க மறந்துட்டார். இன்ஜின்காரர் அப்பா சொன்ன நேரத்தை நம்பித் தூங்கப் போயாச்சு. அப்பா படுக்கவே இல்லை. திரும்பிப் போய் அவரை எழுப்பி, மிச்ச மூன்று மணி நேரக் காசையும் கொடுத்துட்டுத்தான் வந்தார். அன்றிலிருந்து பல் தேய்க்கும் முன்னால் சாவி கொடுப்பது அவர் வழக்கம்.

1980-களில் ஓசூரிலிருந்து டைட்டன் குவார்ட்ஸ் வந்தது. சாவி கொடுக்கும் வேலை போச்சு. 2016-ல் எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை முடிவெடுத்தது. இப்போது நகரத்து நண்பர்கள் பழைய ஜனதாவைத் தேடி வாங்குகிறீர்கள். சந்தோஷம். ஆனால் பளபளன்னு கலர் டயலோடு வருவதில் பலதும் பழைய மிஷினுக்குப் புது முகம் மாட்டினது. எழுத்து அச்சு மங்கலா, கோணலா இருக்கா என்று பார்த்து வாங்குங்க. அதைவிட முதலில் உங்க வீட்டு அலமாரியைத் தேடுங்க. அப்பாவோ தாத்தாவோ கட்டின வாட்ச் கிடைத்தால், டயலை மாற்றிடாதீங்க.

எங்க வாட்சின் பழுப்பு, அத்தனை கோடைத் தண்ணீரும் வியர்வையும் இறங்கின பழுப்பு. இன்று காலையிலும் சாவி கொடுத்தேன். ஓடுது.