ஐர்லாந்தின் கடன்நிதிச் சங்கங்கள்

தருமம் என்றவுடன் அன்னசத்திரமும் தண்ணீர்ப்பந்தலுமே நம்மவர் நினைவில் முதற்கண் தோன்றுகின்றன. அவை வேண்டற்பாலனவே. ஆயினும், தொழில் அறிந்தும் முதலின்றி மெலிந்திருக்கும் ஒருவனுக்கு ஒருவேளை உணவினும் ஒரு சிறு முதலே பேருதவியாகும். இலாபம் கருதாத சங்கங்கள் இவ்வுதவியைப் புரிந்து சிறு தொழிலாளரைத் தாங்கிய வரலாறு ஐர்லாந்து தேசத்தில் உண்டு. அதனை ஈண்டுச் சுருங்க உரைப்போம்.

1699-ஆம் ஆண்டில் ஆங்கிலப் பாராளுமன்றம் ஐர்லாந்தின் கம்பளித் துணிகள் அயல்நாடு செல்லாவண்ணம் சட்டஞ் செய்தது. டப்ளின் நகரத்து நெசவாளர் பலர் வறுமையுற்றனர். அந்நகரின் பரிசுத்த பாட்ரிக் தேவாலயத்தில் 1713 முதல் தலைமைக் குருவாய் விளங்கியவர் ஜொனாதன் ஸ்விப்ட் என்னும் நூலாசிரியர். உள்நாட்டுத் துணியையே உடுத்துமாறு 1720-இல் அவர் ஒரு பிரசுரம் வெளியிட்டார். சொல்லளவில் நில்லாது, தம் பொருளில் 500 பவுனை ஒதுக்கி, உழைக்கும் ஏழைத் தொழிலாளருக்கு ஐந்தும் பத்துமாகக் கடன் வழங்கினார். வட்டி இல்லை, வாரந்தோறும் இரண்டு அல்லது நான்கு ஷில்லிங் செலுத்தினால் போதும். பவுனுக்கு 20 ஷில்லிங் ஆதலின், ஐந்து பவுன் பெற்றவன் வாரம் இரண்டு ஷில்லிங் வீதம் 50 வாரங்களிற் கடன் தீர்ந்து நிமிர்வான். பெற்றது பிச்சையன்று, ஆதலின் அவன் மானமும் நின்றது.

இவ்வழி நாளடைவிற் பரவிற்று. 1822-இல் ஐர்லாந்தின் மேற்குப் பகுதியிற் பஞ்சம் நேர்ந்தபோது இலண்டன் மக்கள் திரட்டிய நிதியில் மிஞ்சிய பெருந்தொகை, ஏழைகளுக்குக் கடன் வழங்கும் நிதியாக மாற்றப்பட்டது. 1823-இல் எழுந்த சட்டம், இத்தகைய தருமச் சங்கங்கள் வட்டி வாங்கவும், ஊராரிடம் வட்டிக்கு வைப்புத்தொகை பெறவும் இடங்கொடுத்தது. 1836-இல் இவற்றை மேற்பார்க்க டப்ளினில் ஒரு சபை அமைந்தது. ஒருவர்க்குப் பத்துப் பவுனே உச்சவரம்பு. அயலார் இருவர் ஜாமீன் நிற்றல் வேண்டும். வட்டி முன்னரே கழிக்கப்படும். பவுனுக்கு வாரம் ஒரு ஷில்லிங் வீதம் 20 வாரங்களில் கடன் தீரும். அப்பணத்தால் ஒருவன் பன்றிக்குட்டி வாங்கினான், ஒருவன் தறியமைத்தான், ஒருத்தி நூற்கச் சணல் கொண்டாள். செலவு போக மிஞ்சியது ஊரின் அறப்பணிகளுக்கே சென்றது. 1840-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 300 சங்கங்கள் இருந்தன; ஐந்து குடும்பங்களில் ஒன்று இவற்றிற் கடன் பெற்றதென்று ஆராய்ந்தோர் கணக்கிடுவர்.

பின்னர் இடையூறுகள் வந்தன. 1843-இல் ஒரு சட்டம் இவை வாங்கத்தக்க வட்டியைக் குறைத்தது. வரவு சுருங்கிப் பல சங்கங்கள் மூடப்பட்டன. 1845 முதல் உருளைக்கிழங்கு நோயால் பெரும்பஞ்சம் சூழ்ந்து ஏறக்குறைய பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். இலண்டன் நிதியால் நடந்த ஸ்தாபனம் 1848-இல் கலைக்கப்பட்டது. ஊராரின் வைப்புத்தொகையைக் கொண்டு நடந்த சங்கங்களிற் பலவோ அப்பஞ்சத்தையும் கடந்து நின்றன.

இவ்வேறுபாட்டின் காரணம் யாது? தூரத்தார் தந்த பணம் கரைந்தாலும் உள்ளூரில் எவர்க்கும் நட்டமில்லை. அண்டைவீட்டான் சேமிப்போ அத்தகையதன்று. அதனை வைத்தவன் கேள்வி கேட்பான், கணக்கைப் பார்ப்பான். ஆதலின் நிர்வாகிகள் ஆளறிந்து கொடுத்தனர். தவணை தவறாது வாங்கினர்.

மூலநிதி வைத்திருக்கும் சங்கத்தார் எல்லாரும் இதனைச் சிந்தித்தல் நன்று. கொடையாளர் ஒருவரின் பெருந்தொகைக்குக் காத்திராது, அங்கத்தினர் பலரின் சிறுதொகையைத் திரட்டுக. அதனை இளைஞர்க்கு இனாமாக ஈயாது, ஜாமீனும் தவணையும் குறித்துத் தொழிலுக்கு முதலாகத் தருக. கணக்கை ஆண்டுதோறும் சபையில் வாசித்துக் காட்டுக. திரும்பிவரும் ஒவ்வொரு ரூபாயும் மற்றொருவன் தொழிலுக்கு வித்தாகும்; கேள்விமுறையின்றி விட்ட நிதியோ கொடுத்தவன் பெயரைக் கல்லில் மட்டும் நிறுத்தி மறையும்.