புரவலர் பாடும் கையறுநிலை: இரசிகர் துயர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பழந்தமிழ்ப் புறப்பாடல்களிலே கையறுநிலை தனிச்சிறப்பு வாய்ந்த ஒரு துறையாகும். பாரி மாண்டபோது கபிலரும், அதியமான் நெடுமான் அஞ்சி வீழ்ந்தபோது ஔவையாரும், கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்நீத்தபோது பொத்தியாரும் பாடியவை இத்துறையின் பெருமைக்குச் சான்றாவன. இப்பாடல்களில் மறைந்தவன் யார், அழுபவர் யார் என நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். மறைந்தவன் புரவலன், அழுபவர் அவனைச் சார்ந்து வாழ்ந்த கலைஞர். உண்டியும் உடையும் தந்து காத்தவன் மறைந்தபின் செயலற்று நிற்றலே அத்துறையின் உட்பொருள்.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வுறவு தலைகீழாயிற்று. மறைபவர் கலைஞர் அல்லது விளையாட்டு வீரர். அழுவோர் அவரை ஒருநாளேனும் நெருங்கிக் காணாத இலட்சக்கணக்கான மக்கள். இம்மாற்றம் தற்செயலானதன்று. இசைத்தட்டும் சினிமாவும் வானொலியும் தோன்றியபின், அரசனும் நிலக்கிழானும் வகித்த புரவலர் நிலை, சில்லறைக் காசு சேர்த்து நுழைவுச்சீட்டு வாங்கிய சாதாரண மனிதரை வந்தடைந்தது. புரவலர் மாறியபோது கையறுநிலை பாடும் உரிமையும் கைமாறிற்று. எனவே இரசிகர் துயரை வெறும் உணர்ச்சிப் பெருக்கெனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. மறைந்தவர் மீது தமக்கும் உரிமையுண்டு என மக்கள் எழுப்பும் குரலாகவே அதனைக் கொள்ளல் வேண்டும். மூன்று மரணங்களைக் கொண்டு இதனை நிறுவ முயல்வோம்.

முதலாவது, மௌனப்பட நடிகர் ருடோல்ப் வலன்ரினோவின் மரணம். 1895இல் தென் இத்தாலியிற் பிறந்து, 1913இல் அமெரிக்கா சென்று, தோட்ட வேலையும் நடனமும் செய்து பிழைத்தவர் அவர். 1921இல் வெளியான ‘த ஷேக்’ என்னும் திரைப்படம் அவரைப் புகழின் உச்சிக்கு உயர்த்தியது. 1926 ஆகஸ்ட் 23ஆம் நாள், தமது 31ஆவது வயதில், அவர் நியூயோர்க்கில் இறந்தார். உடல் வைக்கப்பட்ட இடத்தைச் சூழ்ந்த பெருங்கூட்டத்தில் சன்னல் கண்ணாடிகள் உடைந்தன. குதிரைப் பொலிசார் கூட்டத்தினுள் புகுந்தனர். இதனைப் பெண்களின் பித்து என எள்ளி நகையாடியோர் பலர்.

ஆயின் அக்காலச் சூழலை மறத்தலாகாது. அமெரிக்கப் பெண்கள் நாடளாவிய வாக்குரிமை பெற்றது 1920இலேயாகும். இத்தாலியர் முதலியோரின் வருகையைக் கடுமையாகக் கட்டுப்படுத்திய குடிவரவுச் சட்டம் 1924இல் நிறைவேறியது. வலன்ரினோ இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், சிக்காகோ நாளேடொன்று அவரது ஆண்மையைப் பழித்து ஆசிரியத் தலையங்கம் தீட்டியிருந்தது. வேண்டப்படாத இனத்தவன் எனக் கருதப்பட்ட ஒருவனைத் தம் விருப்பத்தால் உயர்த்தியோர் பெண்களே. தாம் உயர்த்தியவனை வழியனுப்பவே அவர்கள் தெருவில் நின்றனர்.

இரண்டாவது மரணம் இவ்வுரிமையை மேலும் தெளிவாகக் காட்டுகின்றது. எகிப்தின் நைல் கழிமுகத்துச் சிற்றூரொன்றில், பள்ளிவாசல் இமாம் ஒருவரின் மகளாகப் பிறந்தவர் உம்மு குல்தூம். திருமண வீடுகளிற் சமயப் பாடல் பாடிய தந்தையுடன் சென்று, சிறுவன் வேடத்தில் நின்று பாடத் தொடங்கிய அவர், 1920களில் கெய்ரோ நகரை அடைந்தார். 1934இல் எகிப்திய அரச வானொலி தொடங்கியதன் பின்னர், மாதத்தின் முதல் வியாழன் இரவு ஒலிபரப்பாகிய அவரது கச்சேரி அரபு நாடுகளெங்கும் மக்களை வானொலிப் பெட்டியைச் சுற்றி அமரச் செய்தது. 1967ஆம் ஆண்டுப் போரில் எகிப்து தோல்வியுற்று மனமொடிந்து நின்றவேளை, உள்நாட்டிலும் வெளிநாடுகளிலும் பாடி நிதி திரட்டி நாட்டுக்கு வழங்கினார். அவ்வாண்டு நவம்பரில் பாரிஸ் ஒலிம்பியா அரங்கிலும் பாடினார்.

1975 பெப்ரவரி 3ஆம் நாள் அவர் மறைந்தார். 5ஆம் நாள் இறுதி ஊர்வலத்தை அரசு ஒழுங்கு செய்தது. பல இலட்சம் மக்கள் கெய்ரோத் தெருக்களில் நிறைந்தனர். ஊர்வலம் புறப்பட்டதும், ஒழுங்கின்படி சந்தூக்கைச் சுமந்தோரின் தோள்களிலிருந்து அதனை மக்கள் தம் தோள்களுக்கு மாற்றிக்கொண்டனர். குறிக்கப்பட்ட பாதையை விடுத்து, ஏறத்தாழ மூன்று மணி நேரம் நகரூடே சுமந்து, அவருக்கு விருப்பமானதெனக் கருதப்பட்ட ஸெய்யிதினா ஹுஸைன் பள்ளிவாசலுக்குக் கொண்டு சென்றனர். அங்கு தொழுகையை நடத்திய பெரியார், மறைந்தவர் மார்க்கப் பற்றுடையவர் என்பதை நினைவூட்டி, இனியும் தாமதியாது நல்லடக்கம் செய்யுமாறு கேட்டுக்கொண்ட பின்னரே ஊர்வலம் அடக்கத்தலத்தை நோக்கித் திரும்பிற்று.

இந்நிகழ்ச்சி ஆழ்ந்து நோக்கத்தக்கது. அம்மக்கள் அரசை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தாரல்லர்; எவரையும் பழித்து முழங்கினாருமல்லர். எனினும் பாதையை அரசு வகுக்க, அதனைத் தோள்களால் திருத்தி எழுதினர். அவர் அரசின் பாடகியா, மக்களின் பாடகியா என்னும் வினாவுக்கு அம்மூன்று மணி நேரமே விடை.

மூன்றாவது, ஆர்ஜென்ரீன உதைபந்தாட்ட வீரர் டியேகோ மரடோனாவின் மரணம். 1960இற் பிறந்து, புவனஸ் அயர்ஸ் நகரின் புறத்தேயுள்ள வில்லா பியோரித்தோ என்னும் வறிய குடியிருப்பில் வளர்ந்தவர் அவர். போக்லாந்துத் தீவுகளுக்கான போரில் 1982இல் ஆர்ஜென்ரீனா பிரித்தானியாவிடம் தோற்றது. நான்கு ஆண்டுகளின் பின், 1986 யூன் 22ஆம் நாள், மெக்சிகோ நகரில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் இரு கோல்களைப் போட்டார். முதலாவது கையாற் பெறப்பட்டது. இரண்டாவது உதைபந்தாட்ட வரலாற்றின் தலைசிறந்த கோல்களுள் ஒன்றெனப் போற்றப்படுவது. வட இத்தாலியரின் ஏளனத்துக்கு ஆளாகியிருந்த நேபிள்ஸ் நகரின் கழகத்துக்கு 1987இலும் 1990இலும் இத்தாலிய வெற்றிப் பட்டத்தைப் பெற்றுக்கொடுப்பதில் முன்னின்றார். முதற் பட்டம் கிடைத்தபோது அந்நகரின் இடுகாட்டுச் சுவரிலே, இறந்தோர் எத்தகைய காட்சியை இழந்துவிட்டனர் என்னும் பொருள்பட எவரோ எழுதிவைத்தனர் என்பது நேபிள்ஸ் மக்கள் இன்றும் எடுத்துரைக்கும் செய்தி.

2020 நவம்பர் 25ஆம் நாள் அவர் மறைந்தார். கொரோனாத் தொற்று உலகைப் பற்றியிருந்த காலம் அது. ஆயினும் மறுநாள் சனாதிபதி மாளிகையில் வைக்கப்பட்ட உடலைக் காண மக்கள் நெடுந்தொலைவுக்கு அணிவகுத்தனர். குறித்த நேரம் முடிவடையவே, காண முடியாதோர் மாளிகையின் உள்முற்றத்திற் புகுந்தனர். வெளியே பொலிசாருடன் மோதல் மூண்டது. இறுதியில் உடல் எடுத்துச் செல்லப்பட்டு, குடும்பத்தாரின் தனிச் சடங்குடன் அடக்கஞ் செய்யப்பட்டது. நேபிள்ஸ் நகரோ சில நாட்களுள் தனது விளையாட்டரங்குக்கு அவர் பெயரைச் சூட்டியது. ஒருபுறம் குடும்பத்தின் உரிமை. மறுபுறம் மக்களின் உரிமை. இரண்டும் நியாயமானவையே. இரண்டும் ஒரே வாயிலில் முட்டிக்கொண்டன.

இதுகாறும் கூறியவற்றால் இரசிகர் துயர் குறையற்றதென முடிவு செய்தலாகாது. கையறுநிலை பாடும் புலவன் புரவலனின் கொடையை நினைப்பானேயன்றி அவன் குறைகளை எண்ணுவதில்லை. இன்றைய இரசிகரும் அவ்வாறே. மரடோனா 1991இல் கொக்கெயின் பாவனைக்காகப் பதினைந்து மாதத் தடைக்குள்ளானமை பெரிதும் மன்னிக்கப்பட்டது. துணைவியரிடம் அவர் நடந்துகொண்ட விதம் பற்றிய குற்றச்சாட்டுகள் புகழுரைகளில் இடம்பெறவில்லை. அவர் இறந்த நாள் பெண்களுக்கெதிரான வன்முறையை ஒழிப்பதற்கான சர்வதேச நாளாகவும் அமைந்தது. சில நாட்களின் பின் ஸ்பெயினில் நடந்த போட்டியொன்றில் ஒரு நிமிட மௌன அஞ்சலியின்போது, வீராங்கனை ஒருவர் மட்டும் முதுகு காட்டித் தரையில் அமர்ந்தார். அவரும் அம்மரணத்தின் வரலாற்றுக்கு ஒரு சாட்சியே. அழுத இலட்சம் பேரையும் அமர்ந்த ஒருவரையும் ஒருங்கே பதிவு செய்யாத வரலாறு அரைகுறையானது.

இத்துயரைப் பிறர் கவர்ந்துகொள்ளும் ஆபத்தும் உண்டு. இலங்கையில் 1917இற் பிறந்து, தமிழகத்தின் முதலமைச்சராக உயர்ந்த எம். ஜி. இராமச்சந்திரன் 1987 டிசம்பர் 24ஆம் நாள் மறைந்தபோது, சென்னையில் வன்செயல்கள் வெடித்தன. துயர் தாளாது உயிர் மாய்த்தோரும் உளர். இரசிகரின் கண்ணீர் உலருமுன்பே அவரது கட்சி இரண்டாகப் பிளந்தது. ‘மறைந்தவர் யாருக்குரியவர்’ என்ற மக்களின் வினா, ‘பதவி யாருக்குரியது’ என்ற வினாவாகத் திரிந்தது.

எனினும் துயரின் அடிநாதம் மாறவில்லை. 2004இல் காலி மைதானத்திலே தமது ஐந்நூறாவது டெஸ்ட் விக்கெற்றை வீழ்த்திய அவுஸ்திரேலியப் பந்து வீச்சாளர் ஷேன் வோண் 2022 மார்ச் 4ஆம் நாள் மறைந்தபோது, மெல்பேணில் அவரது சிலையடியில் இரசிகர் மலர்களுடன் பியரும் சிகரெட்டும் அவர் விரும்பி உண்டவையும் வைத்துச் சென்றனர். அதியமானின் நடுகல்லுக்குக் கள் படைத்தமையை ஔவையார் பாடல் கூறும். இவ்விரு படையல்களுக்கும் வரலாற்றுத் தொடர்பு எதுவுமில்லை. ஆயின் மனித மனம் ஒன்றே.

அரசர் மறைவையும் அரசு கவிழ்ந்ததையும் எழுதப் பழகிய வரலாறு, ஒரு பாடகிக்காகத் தெருவில் நின்றோரைத் துணைச்செய்தியாகவே கருதி வந்துள்ளது. அவர்களுள் பெரும்பாலோர் நூல் எழுதாதவர், மேடை ஏறாதவர். தம்மைப் பெருமைப்படுத்தியவர் எவர் என்பதை அவர்கள் வெளிப்படையாக உரைத்த வேளைகள் மிகச் சில. அத்தகைய வேளைகளுள் ஒன்று இச்சாவுகளின்போது வாய்த்தது. அவர்கள் சுமந்து சென்ற பாதையும், படைத்த பொருளும், மறக்க விரும்பிய குறையும் ஆகிய அனைத்தும் சான்றுகளே. அவற்றைச் சேர்த்தும் சீர்தூக்கியும் எழுதுவது வரலாற்று மாணவர் முன்னுள்ள கடமையாகும்.