கையை இறுக்கினால் மூளை தப்புமா? ஆபரேஷனுக்கு முன் ஒரு 'ஒத்திகை'!

இதய ஆபரேஷனின்போது ரத்தக்கட்டி மூளைக்குப் போய் அடைத்தால் பக்கவாதம் வரலாம். அதைத் தடுக்க ஒரு எளிய யோசனை: பிபி பார்க்கும் பட்டையைக் கையில் கட்டி, 5 நிமிடம் ரத்த ஓட்டத்தை நிறுத்துவது; 5 நிமிடம் தளர்த்துவது. இப்படி 3, 4 முறை.

எதுக்கு இது?

ரத்தமில்லாமல் தவிக்கும் கை, மற்ற உறுப்புகளையும் உஷார்படுத்தும் என்பதுதான் கணக்கு. 1986-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், சின்னச் சின்ன அடைப்புகளைச் சந்தித்த நாய்களின் இதயம், பெரிய அடைப்பில் குறைவாகவே சேதமானது.

மனிதர்களுக்குப் பலித்ததா?

2015-ல் வெளியான பிரிட்டன், ஜெர்மனி ஆய்வுகளில் சுமார் 3,000 பேருக்கு இதய ஆபரேஷனின்போது சோதித்தார்கள். பக்கவாதம் குறையவில்லை. புரோபோஃபால் மயக்க மருந்து பலனை மறைத்திருக்கலாம் என்ற சந்தேகமும் உண்டு. அதனால் இது இன்னும் வழக்கமான சிகிச்சை ஆகவில்லை. வீட்டில் யாரும் முயல வேண்டாம்!