துருத்தியில் பறந்த விமானம்

பெரிய கண்டுபிடிப்புகளெல்லாம் பெரிய ஆராய்ச்சிச் சாலைகளில்தான் பிறக்கின்றன என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் யந்திரங்களுள் புகழ்பெற்ற ஒன்று பிறந்தது, வாத்தியம் செய்யும் தொழிற்சாலை ஒன்றின் நிலவறையில். அதற்கு உயிர் கொடுத்ததோ, ஹார்மோனியத்தில் இருப்பதுபோன்ற துருத்தி!

அமெரிக்காவில் நியூயார்க் மாகாணத்திலே பிங்காம்டன் என்று ஓர் ஊர். அங்கே லிங்க் குடும்பத்தார் பியானோவும் ஆர்கனும் செய்து விற்றுவந்தார்கள். ஆர்கன் என்பது நம் ஹார்மோனியத்துக்குப் பெரியப்பா முறை. ஊமைப்படக் காலத்தில் அந்நாட்டுக் கொட்டகைகளில் படத்துக்கு ஏற்றபடி அழுததும் சிரித்ததும் அதுதான். அந்த வீட்டுப் பிள்ளை எட்வின் லிங்குக்குத் தொழில் ஆர்கன், ஆசையோ ஆகாயம். 1920-ல் முதல் பாடத்துக்குப் போனார். ஆசிரியர் அவரை ஏற்றிக்கொண்டு வானத்தில் குட்டிக்கரணம் போட்டுக் காட்டினாரே தவிர, ஒரு பிடியைக்கூடத் தொடவிடவில்லை. கட்டணம் மட்டும் 50 டாலர். கிணற்றங்கரையில் நின்று அண்ணன் நீந்துவதைப் பார்த்தால் தம்பிக்கு நீச்சல் வந்துவிடுமா?

அதற்கு முன்பும் சிலர் முயன்றதுண்டு. 1910 வாக்கில் பிரான்ஸ் தேசத்து ஆன்டாய்னெட் விமானக்காரர்கள் பாதிப் பீப்பாய்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அமைத்து, உச்சியில் மாணவனை உட்கார வைத்தார்கள். கீழே நிற்பவர்கள் பிடித்து ஆட்டுவார்கள். அவன் சமாளிக்க வேண்டும். ஆட்டுகிறவர் கை சளைத்தால் பாடம் முடிந்தது.

லிங்க் 1927 முதல் 1929 வரை நிலவறையில் இருந்து மரத்தால் ஒரு குட்டி விமானம் செய்தார். மொட்டைச் சிறகு, உள்ளே ஒரே இருக்கை, எதிரே பிடியும் காலால் மிதிக்கும் கட்டையும். அடியிலே தோல் துருத்திகள். அவற்றிலிருந்து காற்றை உறிஞ்ச ஒரு மின்சாரப் பம்பு. மாணவன் பிடியை இடப்பக்கம் சாய்த்தால் ஒரு வால்வு திறக்கும். ஒரு பக்கத்துத் துருத்தி சுருங்கும், எதிர்ப்பக்கத்துத் துருத்தி விரியும், பெட்டி சாயும். ஆர்கன் கட்டையை அழுத்தினால் காற்று ஓடி ஸ்வரம் பிறக்கிறதே, அதே வித்தைதான். ஸ்வரத்துக்குப் பதில் இங்கே அசைவு பிறந்தது, அவ்வளவே.

வேடிக்கையைக் கேளுங்கள். 1931-ல் கிடைத்த காப்புரிமையிலேயே, பயிற்சிக் கருவி என்பதோடு கேளிக்கைச் சாதனம் என்றும் எழுதியிருந்தது. அதற்கேற்றாற்போல் அதை விரும்பி வாங்கியவர்கள் பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள். காசு போட்டால் குழந்தைகள் ஏறி ஆடலாம்! பட்டாளத்தார் அதிகமாகச் சட்டை செய்யவில்லை.

1934 பிப்ரவரியில் கதை மாறிற்று. தனியார் கம்பெனிகளின் ஒப்பந்தத்தை ரத்துசெய்த அமெரிக்க ஸர்க்கார், தபால் மூட்டைகளைத் தூக்கும் வேலையைப் பட்டாள விமானிகளிடம் ஒப்படைத்தது. குளிர்காலம், பனி மூட்டம், இரவுப் பயணம். வெளியே பார்க்காமல் கருவிகளைப் பார்த்து ஓட்டும் பழக்கம் அந்த வாலிபர்களில் பலருக்குப் போதாது. சில மாதங்களுக்குள் பத்துப் பேருக்குமேல் மாண்டார்கள்.

மேகத்துக்குள் அப்படி என்ன ஆபத்து? காதுக்குள் இருக்கும் நீர்தான் நாம் திரும்புவதை நமக்குச் சொல்கிறது. விமானம் ஒரே சீராக வட்டமிட்டால் சற்று நேரத்தில் அந்த நீர் அடங்கிவிடும். நேராகப் போகிறோம் என்று தோன்றும். உண்மையிலேயே நேராக்கினால், எதிர்ப்பக்கம் சுழல்வதாகத் தோன்றும். விமானி 'சரி' செய்கிறான். பழைய சுழலுக்கே போய்ச் சேருகிறான். எதிரே இருக்கும் முள் உண்மையைச் சொல்கிறது; உடம்பு பொய் சொல்கிறது. அந்த வேளையில் யார் பேச்சை நம்புவது என்று பழகுவதற்கு, விழுந்தாலும் உயிர் போகாத இடம் ஒன்று வேண்டும்.

லிங்கின் பெட்டி அந்த இடம். அவர் மோசமான வானிலையில் தாமே விமானத்தை ஓட்டிக்கொண்டு நியூவர்க் நகரில் போய் இறங்கினார். இந்த மூட்டத்தில் வரமாட்டார் என்று எண்ணியிருந்த அதிகாரிகளுக்கு வேறு சான்று வேண்டியிருக்கவில்லை. 3,500 டாலர் வீதம் ஆறு பெட்டிகள் வாங்கினார்கள். இரண்டாம் உலக யுத்தத்தின்போது 10,000 பெட்டிகள்வரை உருவாயின. ஐந்து லட்சம் பேர் அவற்றில் பயின்றார்கள்.

இன்று இந்த வித்தை மறுபடி வீட்டுக்கே வந்திருக்கிறது. 1982-ல் மைக்ரோஸாப்ட் கம்பெனி விமானம் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டை வெளியிட்டது. அதன்பின் வந்த ரசிகர்களில் சிலருக்கு விசைப்பலகை போதவில்லை. ஒட்டுப்பலகையை அறுத்து விமானியின் அறையையே கட்டுகிறார்கள். ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்கிறதல்லவா? அதைத்தான் எஞ்சின் வேகப் பிடியின் அடியில் பொருத்துகிறார்கள். பிடி நகர்ந்தால் மின்னழுத்தம் மாறும்; அதை ஒரு சிறு சில்லு எண்ணாக்கிக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். பிடி தானாக நடுவுக்கு வர ஸ்பிரிங். ஆனால் சிறிய விமானங்களில் வேகம் ஏற ஏறப் பிடி கனக்கும். சாதாரண ஸ்பிரிங்குக்கு அந்தச் சூட்சுமம் தெரியாது. அதைத் தீர்க்க மோட்டார் வைக்கிறார்கள்.

இதைப் பிள்ளை விளையாட்டு என்று சிரிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூங்காவில் குழந்தைகளை ஆட்டிக்கொண்டிருந்த பெட்டியை யாராவது நாலு வருஷம் முன்னதாகவே உற்றுப் பார்த்திருந்தால், தபால் மூட்டையோடு போன அந்த வாலிபர்களில் சிலராவது வீடு திரும்பியிருப்பார்கள் என்றே தோன்றுகிறது.