கல்லாப்பெட்டிச் சாவி

எங்கள் தாத்தாவுக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகைக் கடை இருந்தது. பெரியப்பாவுக்குக் கல்யாணம் ஆன கையோடு, "இனிமே கடை உன்னுதுடா" என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். ஆனால் கல்லாப்பெட்டிச் சாவி மட்டும் தாத்தாவின் அரைஞாண் கயிற்றிலேயே தொங்கியது. பருப்பு மூட்டை இறக்கணுமா, கூலி கொடுக்கணுமா, பெரியப்பா வீட்டுத் திண்ணைக்கு நடந்து வந்து நிற்க வேண்டும். "கடை என்னுது, காசு அவருது" என்பார் பெரியப்பா. சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் பத்து வருஷம் அதையே சொன்னார்.

சென்னை மாகாணத்தின் நிதி வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெரியப்பா ஞாபகம் வந்துவிடுகிறது. மேலே ஒரு அரசு இருக்க, கீழே இருக்கும் அரசின் நிதியமைச்சர் உண்மையில் என்ன வேலை செய்கிறார்? பட்ஜெட் அன்று பெட்டியோடு படம் எடுத்துக்கொள்வது தவிர?

1919 சட்டத்திலிருந்து தொடங்கலாம். மாகாணங்களுக்கு முதல்முறையாக அதிகாரத்தைப் பிரித்துக் கொடுத்த சட்டம் அது. அதற்கு 'இரட்டை ஆட்சி' என்று பெயர். கல்வி, உள்ளாட்சி, பொதுச் சுகாதாரம் போன்ற துறைகள் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைச்சர்களிடம் வந்தன. போலீஸ், நிலவரி, நிதி ஆகியவை ஆளுநரின் நிர்வாகக் குழு உறுப்பினர்களிடமே இருந்தன. அதாவது, தேர்தலில் ஜெயித்து வந்த நீதிக்கட்சி அமைச்சரவையில் நிதியமைச்சர் என்று ஒருவர் கிடையவே கிடையாது. அமைச்சர் பள்ளிக்கூடம் கட்ட நினைத்தால், அந்த யோசனை முதலில் நிதித்துறையின் மேசைக்குப் போக வேண்டும். இரண்டு தரப்புக்கும் பணத்தைப் பங்கு போடுவதில் ஒத்துவரவில்லை என்றால், ஆளுநர் சொல்வதே முடிவு. அந்த அமைச்சரவையில் வளர்ச்சித் துறையைப் பார்த்த கே.வி. ரெட்டி நாயுடு, 1924-ல் முடிமன் குழுவின் முன் போய் இதைப் புலம்பித் தீர்த்தார். நான் வேளாண்மை அமைச்சர், பாசனம் என்னிடம் இல்லை. தொழில் அமைச்சர், தொழிற்சாலையும் மின்சாரமும் என்னிடம் இல்லை என்கிற ரீதியில் அவர் அடுக்கியது அப்போது ரொம்பப் பிரபலம்.

இது உள்வீட்டுச் சண்டை. வெளியே இன்னொன்று நடந்தது. வருமான வரி, சுங்கம், உப்பு வரி எல்லாம் மத்திய அரசுக்குப் போயின. நிலவரி, கலால், முத்திரைக் கட்டணம், காடு ஆகியவை மாகாணங்களுக்கு வந்தன. இந்தப் பிரிவினையில் மத்திய அரசுக்குத் துண்டு விழுந்தது. அதை மாகாணங்களே நிரப்ப வேண்டும் என்று 1920-ல் மெஸ்டன் குழு கணக்குப் போட்டது. ஒன்பது கோடியே 83 லட்சம் ரூபாயில் சென்னையின் பங்கு 348 லட்சம். பம்பாய்க்கு 56 லட்சம், வங்காளத்துக்கு 63 லட்சம். தறி, துறைமுகம், மில் எல்லாம் வைத்திருந்த பம்பாயைவிட, நிலவரியை நம்பி இருந்த சென்னை ஆறு மடங்கு கட்டியது. காரணம் எளிது. நிலவரி மாகாணக் கணக்கில் சேர்ந்ததால் காகிதத்தில் சென்னையின் வருமானம் ஏறித் தெரிந்தது. பம்பாயின் செல்வம் வருமான வரியாக மத்திய அரசுக்குப் போய்விட்டதால் அதன் கணக்கு இளைத்துத் தெரிந்தது. இந்தக் கட்டணம் படிப்படியாகக் குறைந்து 1920-களின் இறுதியில்தான் ஒழிந்தது.

1935 சட்டம் இரட்டை ஆட்சியை மாகாணங்களில் எடுத்துவிட்டது. 1937 ஜூலையில் ராஜாஜி சென்னையின் பிரதமர் ஆனார். அப்போது முதலமைச்சரை அப்படித்தான் அழைத்தார்கள். நிதித்துறையைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார். ஒரு வழியாக, சாவி கைக்கு வந்தது. பெட்டியைத் திறந்து பார்த்தால், அதில் ஏறக்குறைய கால்பங்கு கள்ளிலும் சாராயத்திலும் வந்த காசு.

ராஜாஜிக்கு இது சங்கடம். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையம் ஆசிரமத்தில் இருந்தபோது மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற பத்திரிகை நடத்தியவர் அவர். 1937 அக்டோபர் 1-ம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தது. அப்போது தாத்தா பள்ளிக்கூடப் பையன். "கள்ளுக்கடை மூடின அன்னிக்கு எங்க தெருப் பொம்பளைங்க சிரிச்ச சிரிப்ப நான் அதுக்கப்புறம் பாக்கவே இல்ல சாமி" என்பார். அடுத்தடுத்து சித்தூர், கடப்பை, வட ஆற்காடு என்று மதுவிலக்கு பரவியது. ஒவ்வொரு மாவட்டமும் கஜானாவில் ஓர் ஓட்டை.

இங்கேதான் ஒரு மாகாண நிதியமைச்சரின் உண்மையான வேலை தொடங்குகிறது என்று நினைக்கிறேன். அவரால் நோட்டு அடிக்க முடியாது. சுங்கம் போட முடியாது. நிலவரியை ஏற்றினால் விவசாயி தாங்க மாட்டான். சட்டம் கொடுத்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் யாரும் தொடாத வரி ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று துழாவ வேண்டும். 1935 சட்டத்தின் மாகாணப் பட்டியலில் 48-வது இனமாக அது இருந்தது: பொருள் விற்பனை மீதான வரி.

மத்திய மாகாண அரசு 1938-ல் பெட்ரோல் விற்பனை மீது மட்டும் வரி போட்டுப் பார்த்தது. இது உற்பத்தி வரி, எங்களுடையது என்று மத்திய அரசு கிளம்பியது. புதிதாக அமைந்திருந்த கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு வந்த முதல் விவகாரமே அதுதான். நீதிமன்றம் மாகாணத்தின் பக்கம் நின்றது. வழி திறந்தது. 1939-ல் சென்னை, இந்தியாவிலேயே முதல் பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆண்டு விற்பனை பத்தாயிரம் ரூபாய்க்குக் கீழே இருந்தால் வரி இல்லை; பெரிய வியாபாரிகளுக்கு அரை சதவீதம். வணிகர்கள் கொதித்தார்கள். பிறகு மத்திய அரசே சென்னைக்கு எதிராக வழக்காடியது. 1945-ல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் தோற்றது.

கதையை இதோடு முடித்தால் அழகாக இருக்கும். ஆனால் அது அங்கே முடியவில்லை. 1939 அக்டோபரில் காங்கிரஸ் அமைச்சரவை ராஜினாமா செய்தது. போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்திவைத்தது. விற்பனை வரியை நிறுத்தவில்லை. கள்ளுக்கடைக்குப் பதிலாக வந்த வரி, கள்ளுக்கடை திரும்பி வந்த பிறகும் இருந்தது. குடிப்பவன் சட்டைப்பையிலிருந்து எடுத்த காசை, குடிக்காதவனின் மளிகைச் சாமான் மீதும் சேர்த்து எடுக்கிற ஏற்பாடாக அது ஆனது. ராஜாஜியின் நோக்கத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் வரி போட்டவரின் நோக்கம் வரியோடு கூடவே இருப்பதில்லை. அவர் போய்விடுகிறார், வரி தங்கிவிடுகிறது.

அப்படித் தங்கிய வரிதான் பிற்காலத்தில் தமிழ்நாட்டின் சொந்த வருவாய்க்கு முதுகெலும்பு ஆனது. பள்ளிக்கூடம், சத்துணவு, ஆஸ்பத்திரி என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் எதை எடுத்தாலும் அதற்குப் பின்னால் அந்தப் பணத்துக்கும் பங்கு உண்டு. எதற்கு எவ்வளவு வரி என்று சென்னையில் உட்கார்ந்து முடிவு செய்ய முடிந்தது. தப்பாக முடிவு செய்தால் அடுத்த தேர்தலில் யாரைக் கேட்பது என்று மக்களுக்கும் தெரிந்தது.

2017 ஜூலை 1-ம் தேதி ஜிஎஸ்டி வந்தது. இப்போது வரி விகிதம் ஒரு கவுன்சிலில் பேசப்படுகிறது. அதில் ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஒன்றிய அரசு வேண்டாம் என்றால் எத்தனை மாநிலங்கள் சேர்ந்தாலும் நடக்காது. நாடு முழுக்க ஒரே வரி என்பதில் வசதி இருக்கிறது, மறுக்கவில்லை. அந்த வசதிக்கு என்ன விலை கொடுத்தோம் என்றுதான் கேட்கிறேன்.

மாநில நிதியமைச்சர் தாமாக விகிதம் வைக்கக்கூடிய பெரிய விற்பனை வரி இன்று எவற்றின் மீது மிச்சம் இருக்கிறது? பெட்ரோல், டீசல், மது. 1938-ல் மத்திய மாகாணம் தயங்கித் தயங்கித் தொட்டதும், 1937-ல் சேலத்தில் ஒரு மனிதர் வேண்டாம் என்று தள்ளியதும். எண்பது வருஷம் சுற்றி அதே இடத்துக்கு வந்திருக்கிறோம். டாஸ்மாக்கை மூடச் சொல்லும்போதெல்லாம் நிதித்துறை ஏன் கையைப் பிசைகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் தேவையில்லை. அன்று ராஜாஜிக்குத் துழாவ ஒரு பட்டியலாவது இருந்தது.

தாத்தா படுத்த படுக்கையான பிறகு ஒருநாள் பெரியப்பாவைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுத்தார். பெரியப்பா அதை வாங்கி மாடத்தில் வைத்துவிட்டார். அதற்கு ஆறு மாதம் முன்பே அவர் கடைக்குத் தனியாக ஒரு புதுப் பெட்டி வாங்கியிருந்தார். அது தாத்தாவுக்குத் தெரியுமா என்று பெரியப்பாவிடம் கேட்டேன். "தெரியாம இருக்குமா? அதனாலதானே கொடுத்தாரு" என்றார்.