வாய்க்காலுக்கு மேற்கே தொடங்குவோம்
(புதுவையில் ஒரு மாலை நடை)

புதுவையின் கடற்கரைச் சாலை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமுடையது. மேடுபள்ளம் அற்றது. மாலை ஆறு மணிக்குமேல் ஊர்திகளுக்கு அங்கே தடை உண்டு. நம் வட்டத்தின் பத்தாண்டு நிறைவையொட்டி உறுப்பினர்கள் புதுவையில் ஒரு மாலை நடந்து வருவது என்று முடிவானபோது, மூத்த கவிஞர்கள் சிலர், "கடற்கரை மட்டும் போதும், முழங்கால் அதற்கு மேல் இடந்தராது" என்றனர். அவர்கள் கூற்றில் நியாயம் உண்டு. எனினும் கடற்கரையில் மட்டும் நடந்து திரும்புவோர் காண்பது ஆளுநர்களின் புதுவையே என்பதை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

புதுவை நகரை ஒரு வாய்க்கால் இரண்டாகப் பகுத்தது. கிழக்கே கடலையொட்டி வெள்ளையர் நகரம்; மேற்கே தமிழர் வாழ்ந்த, அவர்கள் 'கறுப்பர் நகரம்' என்றழைத்த பகுதி. அவ்வாய்க்கால் இன்றும் உண்டு. நெடுங்காலமாகக் கழிவுநீர் சுமந்து வந்ததால், அதனை நீர்நிலை என்று எவரும் சுட்டிக் காட்டுவதில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துவிடுகின்றனர். நம் மொழிக்குரிய சின்னங்கள் பெரும்பாலும் அதற்கு மேற்கே இருக்கின்றன. ஆதலின் நாமும் மேற்கே தொடங்கிக் கிழக்கே கடலில் முடிப்போம். மொத்தத் தொலைவு ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். நினைவு இல்லங்கள் மாலையில் மூடப்படும் என்பதால் பிற்பகல் மூன்று மணிக்கே புறப்பட வேண்டும். வெயிலுக்குக் குடை கொண்டு வருக.

முதலில் பெருமாள் கோயில் தெரு. பாவேந்தர் பாரதிதாசன் வாழ்ந்த வீடு இங்கே நினைவு இல்லமாகப் பேணப்படுகிறது. 1891இல் இந்நகரில் கனகசுப்புரத்தினமாகப் பிறந்து, பிரெஞ்சு அரசின் பள்ளிகளில் தமிழாசிரியராகப் பணியாற்றியவர் அவர். அங்கிருந்து சில தெருக்கள் கடந்தால் ஈசுவரன் தர்மராசா கோயில் தெரு. பாரதியார் வாழ்ந்த இல்லம் அங்குள்ளது. 1908இல் ஆங்கில அரசின் சிறைக்குத் தப்பி இந்நகர் வந்த பாரதியார், 1918 வரை பத்தாண்டுகள் இங்கே தங்கினார். 'இந்தியா' இதழ் இங்கிருந்து வெளிவந்து 1910இல் நின்றது. பாஞ்சாலி சபதமும் கண்ணன் பாட்டும் குயில் பாட்டும் இந்நகர் வாழ்வின் விளைச்சல்கள். ஒற்றர் தெருமுனையில் காத்திருக்க, எழுதி அனுப்பிய கடிதங்கள் வழியில் பிரிக்கப்பட, ஒரு மனிதர் இத்தனை எழுதினார் என்பதை அக்கூடத்தில் சற்றே அமர்ந்து எண்ணுவதற்கு நேரம் விட்டிருக்கின்றேன். இவ்விரு வீடுகளைப் பற்றியும் நம் உறுப்பினர்களுக்கு நான் மிகுதியாகக் கூறத் தேவையில்லை.

கூற வேண்டியது மூன்றாவது வீட்டைப் பற்றியே. அங்காடிக்கு அருகே, ரங்கப்பிள்ளைத் தெருவில், ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை உள்ளது. 1738இல் கட்டி முடிக்கப்பட்டதாகக் கூறுவர். கீழே இந்தியத் தூண்கள், மேலே பிரெஞ்சுப் பாணித் தூண்கள் என இரு உலகங்களுக்கிடையே நின்ற ஒரு துபாசியின் வாழ்வை அக்கட்டடமே காட்டுகிறது. ஆளுநர் டூப்ளேயின் வலக்கையாக விளங்கிய இவர், 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் எழுதினார். கப்பல் வரவு, துணி விலை, அரண்மனைப் பேச்சு, யார் யாரிடம் கோபித்துக்கொண்டார் என்பது வரை அதில் உண்டு. செய்யுளே இலக்கியம் என்றிருந்த காலத்தில், பேச்சுவழக்கும் பிரெஞ்சு, போர்த்துகீசிய, பாரசீகச் சொற்களும் விரவிய உரைநடையில் அவர் எழுதிச் சென்றார். ஆய்வு மாணவியாக இருந்தபோது அப்பக்கங்களை முதன்முதலில் படித்த நான், இலக்கணப் பிழைகளை எண்ணிக்கொண்டிருந்தேன் என்பதை இன்று வெட்கத்தோடு நினைவுகூர்கின்றேன். 1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை அவர் எழுதியிருக்கும் பகுதியை அடைந்தபோதுதான் எண்ணுவதை நிறுத்தினேன். இடித்தவர்களிடமே பணிபுரிந்தவர் அவர். தடுக்கவும் இயலவில்லை, எழுதாமலிருக்கவும் இயலவில்லை.

1761 சனவரியில் புதுவை ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அதே நாள்களில் பிள்ளையும் மறைந்தார். வென்றவர்கள் கோட்டையையும் வெள்ளையர் நகரத்தையும் தரைமட்டமாக்கினர். 1765இல் பிரெஞ்சுக்காரர் திரும்பி வந்த பின்னரே இன்று நாம் 'பழைய புதுவை' என்று வியக்கும் தெருக்கள் எழுந்தன. அந்தக் கற்களைவிட மூத்தது பிள்ளையின் தாள்கட்டு. 1846இல் அது கண்டெடுக்கப்பட்டுப் படியெடுக்கப்படும் வரை உலகம் அதனை அறியவில்லை.

இதே ரங்கப்பிள்ளைத் தெருவில் கிழக்கே நடந்தால் வாய்க்காலைக் கடந்து ஆளுநர் மாளிகை முன் சென்று சேர்வோம். துபாசி நாள்தோறும் கடந்த அதே எல்லையை நாமும் கடக்கின்றோம். மாளிகைக்கு எதிரே பாரதி பூங்கா. மரநிழலில் அரைமணி நேரம் ஓய்வு.

பூங்காவின் நடுவே வெண்ணிறத்தில் நிற்பது ஆயி மண்டபம். புதுவை அரசின் இலச்சினையில் இடம்பெற்றிருப்பதும் இதுவே. வழங்கும் கதை இது: கிருஷ்ணதேவராயர் இவ்வழியே வந்தபோது விளக்கொளி வீசிய ஒரு மாளிகையைக் கோயிலெனக் கருதி வணங்கினார். அது ஆயி என்னும் கணிகையின் வீடென்று அறிந்ததும் சினந்து, இடிக்க ஆணையிட்டார். ஆயி தானே வீட்டை இடித்து, அவ்விடத்தில் மக்களுக்குக் குளம் வெட்டினாள். முத்திரைப்பாளையத்துக் குளம் அது. பல நூற்றாண்டுகள் கழித்து, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், வெள்ளையர் நகரத்தின் நீர்ப்பஞ்சம் அங்கிருந்து கொண்டுவரப்பட்ட நீரால் தீர்ந்தது. அதன் நினைவாகவே இம்மண்டபம் எழுந்தது. அரசன் வணங்கியது ஏன் குற்றமாயிற்று, குற்றமாயின் அது யாருடையது என்று கதை சொல்வோர் கேட்பதில்லை. துபாசிக்கு நாட்குறிப்பு உண்டு. கவிஞர்களுக்கு நூல்கள் உண்டு. ஆயி சொன்னதாக ஒரு சொல்லும் இல்லை. நம் வட்டத்துப் பெண் கவிஞர்கள் இம்மண்டபத்தின் நிழலில் தத்தம் கவிதை ஒன்றை வாசிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றேன். ஆயியைப் பற்றியதாக இருக்க வேண்டுவதில்லை.

பூங்காவை விட்டுக் கிழக்கே சென்றால் கடல். இங்கே விரைந்து நடக்கலாம். செஞ்சியிலிருந்து கொணர்ந்த எட்டுக் கருங்கல் தூண்களுக்கு நடுவே காந்தியடிகள் நிற்கிறார். வடக்கே 1836இல் ஏற்றப்பட்டு 1979 வரை ஒளிதந்த பழைய கலங்கரை விளக்கமும், முதல் உலகப்போரில் மாண்டோருக்கு 1938இல் திறக்கப்பட்ட நினைவுச் சின்னமும் உள்ளன. தெற்கே நகர மன்றக் கட்டடம். பழையது 2014 மழையில் இடிந்து விழ, அதே வடிவில் மீண்டும் கட்டப்பட்டது. தென்கோடியில் டூப்ளேயின் சிலை. பிள்ளைக்கு அவர் எத்தகைய எசமானர் என்பதை அறிந்த பின் அச்சிலையைக் காண்பது வேறு அனுபவம்.

பாரதியாரும் வ.வே.சு. ஐயரும் அரவிந்தரும் மாலையில் கூடிப் பேசிய கடற்கரை இதுவே. ஆனால் அவர்கள் அமர்ந்த மணல் இன்று இல்லை. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்திற்காக அலைத்தடுப்புகள் கட்டப்பட்டன. ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கிக் கரையோரம் நகரும் மணல் அவற்றின் தென்புறமே தேங்கிவிட்டது. வடக்கே நகரை ஒட்டிய கரையை அலை அரித்தது. அரிப்பைத் தடுக்கப் பாறைகளைக் கொட்டினர். 2018இல் கடலுக்குள் செயற்கைத் திட்டு ஒன்று அமைத்த பின் வடபகுதியில் மட்டும் சிறிது மணல் திரும்பியிருக்கிறது.

நடையை அந்த மணலில் முடிப்போம். அங்கு சேர ஆறரை மணி ஆகும். முழங்கால் வலிப்போர்க்குச் சாலையோரக் கைப்பிடிச் சுவர் உண்டு. மற்றையோர் தரையில் அமரலாம்.