ஓரவஞ்சனை

ஓரம் என்றால் விளிம்பு. ஒரு பக்கம் சாய்வதும் ஓரமே. வஞ்சனை வடமொழி வரவு. இரண்டும் சேர்ந்தால், வேண்டியவருக்கு ஒரு மாதிரி, மற்றவருக்கு வேறு மாதிரி. பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டில் பக்கத்து இலைக்கு நாலு துண்டு பாகற்காய் வறுவல், நமக்கு இரண்டு என்றால் வாயில் வருவது இந்தச் சொல்தான்.

பொருளியலாளர்கள் இதற்கு ஓர் ஆட்டம் வைத்திருக்கிறார்கள். 1982இல் ஜெர்மனியில் வெர்னர் கூத்தும் சகாக்களும் வெளியிட்டது. ஒருவரிடம் 10 வெள்ளி; பங்கு சொல்வது அவர். மற்றவர் மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. 2 வெள்ளி நீட்டினால் பலர் உதறிவிடுகிறார்கள். 1999இல் எர்ன்ஸ்ட் பேரும் கிளவுஸ் ஷ்மிட்டும் இதைச் சூத்திரமாக்கினார்கள்: பிறருக்குக் கூடினால் எரிச்சல், தனக்குக் கூடினால் கூச்சம், எரிச்சல் கூச்சத்துக்குக் குறையாது. (கிள்ளான் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவருக்கு இது புதிதல்ல.)

ஆனால் ஓரவஞ்சனை பரிமாறிய கையைக் குற்றம் சொல்கிறது; சூத்திரம் இலைகளுக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டுமே பார்க்கிறது. வருமான ஏற்றத்தாழ்வைக் காட்டும் கினிக் குறியீடும் அப்படித்தான். மலேசியாவில் அது 1970இல் 0.513, 2022இல் 0.404.